தையலுக்கு விட்ட துணி

2009ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் என் முதல் படநூல் கூரியரில் வந்து சேர்ந்தபோது, பெங்களூர் அல்சூரில் எங்கள் வீட்டு முன்னறையில் அம்மா ஒரு ரவிக்கைக்குக் கொக்கி தைத்துக்கொண்டிருந்தார். உறையைக் கத்தரித்து நூலை வெளியே எடுத்தவரும் அவர்தான். எட்டாம் பக்கமும் ஒன்பதாம் பக்கமும் சேரும் இடத்தில், நான் மாதக்கணக்கில் பார்த்துப் பார்த்து வரைந்த சிறுமியின் முகம் இருந்தது. அதை முகம் என்று சொல்வதற்குத் தாராள மனம் வேண்டும். இடப்பக்கத்துக் கண் சற்று மேலேயும் வலப்பக்கத்துக் கண் சற்றுக் கீழேயும் நிற்க, மூக்கு மடிப்புக்குள் போயிருந்தது. அம்மா நூலை விரித்துப் பிடித்து, நடுவில் விரலால் நீவிப் பார்த்துவிட்டு, "ஏன் பாப்பா, தையலுக்குத் துணி விடலையா?" என்று கேட்டார்.

அது நடுவில் பின் அடித்த 24 பக்க நூல். அப்படிப்பட்ட நூலில், அட்டை நீங்கலாக, ஆறு தாள்கள் ஒன்றுக்குள் ஒன்றாக மடிந்திருக்கும். விரித்துப் பார்க்கையில் இடமும் வலமும் ஒரே படமாகத் தெரிந்தாலும், 12, 13ஆம் பக்கங்களைத் தவிர வேறெந்த இரட்டைப் பக்கமும் ஒரே தாளில் அமைவதில்லை. எட்டாம் பக்கம் ஒரு தாளிலும் ஒன்பதாம் பக்கம் வேறொரு தாளிலும் இருந்து, மடிப்பில்தான் சந்தித்துக்கொள்கின்றன. மடிப்பு ஒரு மில்லிமீட்டர் பிசகினால் மலைக்கோ மேகத்துக்கோ ஒன்றும் ஆகாது; மனித முகம் அந்தப் பிசகைத் தாங்காது. வெளி ஓரங்களில் வெட்டுக்கத்தி இறங்குவதற்காக 3 மில்லிமீட்டர் படத்தைக் கூடுதலாக வரைந்து விட வேண்டும் என்பதும், அச்சகத்தில் அதை பிளீட் என்பார்கள் என்பதும் எனக்குத் தெரிந்திருந்தன. மடிப்பின் இருபுறமும் ஒரு சென்டிமீட்டர் வரை முகமோ கையோ எழுத்தோ வரக்கூடாது என்பதை யாரும் எனக்குச் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

நாற்பது ஆண்டுகள் தையல் இயந்திரத்தின் முன் உட்கார்ந்தவர் அம்மா. தீபாவளிக்குத் தைத்த ரவிக்கையைப் பொங்கலுக்குப் பிரித்துத் தைக்கச் சொல்லி யாராவது வருவார்கள் என்பதைக் கணக்கில் வைத்தே, பக்கவாட்டில் ஓர் அங்குலம் உள்துணி விட்டுத் தைப்பார். பார்வைக்கு அழகாகத் தைப்பவர்கள் அந்தத் தெருவிலேயே பலர் இருந்தார்கள். ஆனால் பிரித்துத் தைக்க இடம் வைத்தவரிடமே ஆட்கள் திரும்பி வந்தார்கள். பதினைந்து ஆண்டுகளுக்கு மேலாகச் சிறார் நூல்களுக்குப் படம் வரைந்த பிறகு, இத்தொழிலில் நான் பட்ட அடிகளை எண்ணிப் பார்த்தால், முக்கால்வாசி அடி எங்கோ துணி விடாததால் விழுந்ததாகவே இருக்கிறது.

நான் ஓவியக் கல்லூரியில் படித்தவள் அல்லள். வணிகவியல் படித்துவிட்டு, ஒரு விளம்பர நிறுவனத்தில் துண்டறிக்கைகளுக்குப் பக்கம் அமைத்துக்கொண்டிருந்தேன். படம் பார்க்கும் பழக்கம் மட்டும் சிறுவயதிலேயே இருந்தது. அவென்யூ ரோட்டின் பழைய புத்தகக் கடைகளில் அம்மா எடை போட்டு வாங்கி வந்த அம்புலிமாமா இதழ்களில், தோளில் வேதாளத்தைச் சுமந்து வாளோடு நடக்கும் விக்கிரமாதித்தனை ஓவியர் சங்கர் வரைந்திருந்ததைப் பார்த்துப் பார்த்தே காகிதங்களைத் தீர்த்தேன். சுமக்கும் உடலின் எடை அரசனின் முதுகில் தெரிவது எப்படி என்பது அப்போது புரியவில்லை. ஆண்டுதோறும் ஜனவரியில் சித்திரகலா பரிஷத் குமாரகிருபா சாலையில் நடத்தும் சித்திரச் சந்தையில், 2008இல் நானும் நடைபாதையில் ஒரு விரிப்பை விரித்து உட்கார்ந்தேன். அன்று ஒரு படம்கூட விற்கவில்லை. மாலையில் ஒரு பதிப்பாசிரியர் நின்று, நான் பொழுது போகாமல் வரைந்து வைத்திருந்த தெருநாய்க் குறிப்பேட்டைப் புரட்டிவிட்டு முகவரி கேட்டார். விற்பனைக்கு வைத்திருந்த பெரிய படங்களை அவர் திரும்பியும் பார்க்கவில்லை. வேலை தேடுகிற இளையோர் தங்கள் தொகுப்பில் அழகான தனிப்படங்களை மட்டும் அடுக்கி அனுப்புவதைப் பார்க்கும்போது, எனக்கு அந்த நாய்க் குறிப்பேடு நினைவுக்கு வரும். ஒரே நாய் தூங்கி, எழுந்து, சோம்பல் முறித்து, துரத்தி, அடி வாங்கி ஓடுவதைப் பத்துப் படங்களில் ஒரே நாயாகவே காட்ட முடிகிறதா என்பதைத்தான் பதிப்பாசிரியர்கள் முதலில் பார்க்கிறார்கள்.

கைப்பிரதி வந்ததும் வண்ணத்தைத் தொடுவதில்லை. பெரும்பாலும் நானூறு, ஐந்நூறு சொற்களுக்குள் அடங்கும் அந்தக் கதையை முதலில் வாய்விட்டுப் படிக்கிறேன். படிக்கும்போது மூச்சு நிற்கும் இடங்களில் கோடு போடுகிறேன். பிறகு ஆறு ஏ4 தாள்களை மடித்து நடுவில் பின் அடித்து, தலைப்புக்கும் பதிப்பு விவரத்துக்கும் உரிய பக்கங்களை ஒதுக்கி, மீதியில் பென்சிலால் கிறுக்கி ஒரு டம்மி செய்துகொள்கிறேன். கணினியில் வரிசையாகச் சிறுபடங்களை அடுக்கிப் பார்ப்பதும் நல்லதுதான், ஆனால் பக்கத்தைப் புரட்டும் விரலின் அவசரம் அதில் தெரியாது. ஆச்சரியம் என்று ஒன்று கதையில் இருந்தால் அது வலப்பக்கத்தில் வந்துவிடக்கூடாது. புரட்டியவுடன் கண்ணில் படும் இடப்பக்கத்தில்தான் வர வேண்டும். இதைக் கையால் புரட்டிப் பார்க்காமல் கண்டுபிடித்தவர் யாரையும் நான் சந்தித்ததில்லை.

எழுத்து சொல்வதையே படமும் சொன்னால் அந்தப் படம் எதற்கு என்ற கேள்விக்கு விடை கிடைக்க எனக்கு நான்கைந்து நூல்கள் ஆயின. 'பாட்டி சந்தைக்குக் கிளம்பினாள்' என்ற வரிக்கு, பை தூக்கிய பாட்டியையும் சந்தை வாசலையும் வரைந்து அனுப்பினேன். பதிப்பாசிரியர் அதை மறுக்கவில்லை, "இந்தப் பாட்டி யாருடைய பாட்டி?" என்று மட்டும் கேட்டார். மறுநாள் விடியற்காலை ரஸ்ஸல் மார்க்கெட்டுக்குப் போய் இரண்டு மணி நேரம் கால்களை மட்டும் வரைந்துகொண்டு வந்தேன். வார் அறுந்த ரப்பர் செருப்பை ஊக்கு குத்தி மாட்டியிருந்த ஒரு மூதாட்டியின் கால் அதில் இருந்தது. அதே செருப்பை என் பாட்டிக்குப் போட்டேன். கதையின் இரண்டாம் பக்கத்தில் அவருடைய வறுமையைச் சொல்வதற்கென்று இருந்த மூன்று வாக்கியங்களை எழுத்தாளரே எடுத்துவிட்டார். நூல் வந்த பிறகு பிள்ளைகள் அந்த ஊக்கின் மேல் விரலை வைத்துக் காட்டினார்கள்.

உற்றுப் பார்க்காமல் வரைந்தால் என்ன ஆகும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். காட்டோரக் கிராமம் ஒன்றில் நடக்கும் கதைக்கு, தோப்பு முழுவதும் பலா மரங்களை வரைந்தேன். பழங்களை மாம்பழம்போல் கிளை நுனிகளில் தொங்கவிட்டேன். பலாப்பழத்தைச் சுளையாகவும், தள்ளுவண்டியில் பிளந்த பாதியாகவும் மட்டுமே பார்த்து வளர்ந்த ஊர் இது. எழுத்தாளரும் பதிப்பாசிரியரும் பிழை திருத்துபவரும் அந்தப் பக்கத்தைக் கடந்து போனார்கள். தமிழ்வழிப் பள்ளி ஒன்றில் நூலைப் படித்துக் காட்டியபோது, கிருஷ்ணகிரிப் பக்கத்திலிருந்து கட்டட வேலைக்கு வந்த குடும்பத்துப் பையன் ஒருவன் எழுந்து, "மிஸ், பலா அடிமரத்துலதானே காய்க்கும், அந்தக் குச்சியில தொங்கினா ஒடிஞ்சு போயிடுமே?" என்றான். எங்கே போய் ஒளிவது என்று தெரியவில்லை. அதன் பிறகு லால்பாக்கில் நின்று வரையாத எந்த மரத்தையும் நூலுக்குள் நடுவதில்லை. நேரில் பார்க்க முடியாததை, அந்த மண்ணில் வாழ்ந்த ஒருவரிடம், வண்ணம் தீட்டுவதற்கு முந்தைய ரஃப் நிலையிலேயே காட்டிவிடுகிறேன். இணையத்தில் கிடைக்கும் புகைப்படம் உதவாது என்று சொல்ல வரவில்லை. ஆனால் புகைப்படம் எடுத்தவர் எதை விட்டுவிட்டார் என்பது அதில் தெரிவதில்லை.

படித்துக் காட்டுவதற்கு அச்சான நூலைக் கொண்டுபோவதைவிட டம்மியைக் கொண்டுபோவது மேல் என்பதும் அந்தப் பள்ளியில் கற்றதுதான். பெரியவர்கள் படத்தின் நடுவைப் பார்க்கிறார்கள், பிள்ளைகள் மூலைகளைப் பார்க்கிறார்கள். நான்காம் பக்கத்தில் திண்ணை ஓரமாக ஒரு பூனையை வெறும் இட நிரப்பலுக்கு வரைந்திருந்தேன். ஏழாம் பக்கம் வந்ததும் நாலைந்து குரல்கள் ஒன்றாக "பூனை எங்க மிஸ்?" என்று கேட்டன. கதையில் பூனையே கிடையாது. வீட்டுக்கு வந்து எல்லாப் பக்கங்களிலும் பூனைக்கு ஒரு தனி வாழ்க்கை அமைத்துக் கொடுத்தேன். அது மீன் தேடி, ஏமாந்து, கடைசியில் பால் செம்புக்குள் தலையை விட்டுக்கொள்கிறது. இன்றைக்கும் அந்த நூலைப் பூனைப் புத்தகம் என்றே சொல்கிறார்கள், எழுத்தாளருக்கு இதில் சிறு வருத்தம் உண்டு.

பெங்களூரில் இருந்துகொண்டு இந்த வேலையைச் செய்வதில் ஒரு தனிச்சிக்கல் இருக்கிறது, அது மொழி. 1957இல் டெல்லியில் தொடங்கிய நேஷனல் புக் டிரஸ்ட் தொட்டு, 1996இல் சென்னையில் தொடங்கிய தூலிகா, 2004இல் இதே ஊரில் தொடங்கிய பிரதம் புக்ஸ் வரை, ஒரே படத்தொகுப்பைப் பல இந்திய மொழிகளில் வெளியிடுவது நம் நாட்டில் நிலைபெற்ற வழக்கம். செலவைக் குறைக்க, படங்களைச் சியான், மெஜந்தா, மஞ்சள், கறுப்பு ஆகிய நிறங்களுக்குத் தனித்தனி அச்சுத் தகடுகளான நான்கு பிளேட்டுகளில் அச்சிடும்போது, எழுத்தை முழுக்கக் கறுப்பு மையில் மட்டும் வைத்திருந்தால், மொழி மாறும்போது கறுப்பு பிளேட்டை மட்டும் மாற்றினால் போதும். இது தெரியாமல், என் இரண்டாவது நூலில் இரவுக் காட்சியின் நீல வானத்தில் எழுத்தை வெள்ளையாக வைக்கும்படி நானே வற்புறுத்தியிருந்தேன். வெள்ளை எழுத்து என்பது மையே படாத காகிதம். அதை மாற்ற வேண்டுமென்றால், வானத்துக்குப் பயன்பட்ட எல்லா பிளேட்டுகளையும் மாற்ற வேண்டும். கன்னடப் பதிப்பும் தெலுங்குப் பதிப்பும் முடிவாகும் கட்டத்தில் இந்த உண்மை வெளிப்பட, ஆறு பக்கங்களை நான் இலவசமாகத் திரும்ப வரைந்து கொடுத்தேன். ஆங்கிலத்தில் நான்கு வரியில் முடியும் பத்தி தமிழில் ஐந்தாறு வரியாக நீளும் என்பதால், இப்போது ரஃப் நிலையிலேயே தமிழ் மொழிபெயர்ப்பை அந்த இடத்தில் ஒட்டிப் பார்த்துவிடுகிறேன். தெருக்காட்சிகளில் பெயர்ப்பலகைகளுக்கு எழுத்து வைப்பதில்லை. தையல்காரர் கடைக்குக் கத்தரிக்கோல், பல் மருத்துவருக்கு ஒரு பெரிய பல். பலகைகளில் எழுத்தே இல்லாத சிவாஜிநகர் எனக்குச் சற்று உறுத்தலாகத்தான் இருக்கிறது, அதற்கு மாற்று இன்னும் கிடைக்கவில்லை.

நிறத்தைப் பற்றி அம்மா சொன்னதைவிடத் தெளிவாக எந்த மென்பொருள் கையேடும் எனக்குச் சொல்லவில்லை. சிக்பேட் துணிக்கடையில் டியூப்லைட் வெளிச்சத்தில் துணி எடுக்கமாட்டார். துணிச் சுருளை வாசலுக்குக் கொண்டுவரச் சொல்லி வெயிலில் விரித்துப் பார்த்த பிறகுதான் விலை பேசுவார். திரையில் ஒளியாக மின்னும் மயில்நீலமும் கிளிப்பச்சையும் மையாகக் காகிதத்தில் இறங்கும்போது மங்கிவிடும், ஏனென்றால் நான்கு மைகளைக் கலந்து எட்ட முடியாத பளபளப்பு அவற்றுக்குத் திரையில் இருக்கிறது. எனவே வேலையைத் தொடங்கும்போதே அச்சு நிறமுறையில் வைத்துப் பார்ப்பதும், மாதிரி அச்சான வண்ண ப்ரூஃபைப் பகல் வெளிச்சத்தில் சன்னல் ஓரமாக வைத்துப் பார்ப்பதும், அந்நூலுக்குரிய காகிதத்திலேயே ப்ரூஃப் கேட்பதும் என் வழக்கமாயின. காகிதம் பளபளப்பில்லாததாக இருந்தால் அது மையை உள்ளே இழுத்துக்கொள்ள, நிறம் இன்னும் ஒரு படி கருக்கும்.

ஒப்பந்தத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனெனில் நான் அதிகம் இழந்தது அங்கேதான். முதல் நூலுக்கு மொத்தமாகப் பன்னிரண்டாயிரம் ரூபாய் பேசி, இரண்டு பக்கத் தாளில் கையெழுத்துக் கேட்டார்கள்; போட்டுவிட்டேன். சில ஆண்டுகள் கழித்து, அதே பதிப்பகத்தின் வேறொரு நூலில் நான் வரைந்த யானை என் பெயரில்லாமல் ஒரு நாட்காட்டியைச் சுமந்துகொண்டு நின்றது. தாளைத் தேடி எடுத்துப் படித்தால், எல்லா வடிவங்களிலும், எல்லா நாடுகளிலும், பதிப்புரிமைக் காலம் முழுமைக்கும் உரிமையை எழுதிக் கொடுத்திருந்தேன். இந்தியப் பதிப்புரிமைச் சட்டம், 1957இன்படி, மாதச் சம்பளத்துக்குப் பணியாற்றாமல் தனியாக வரைபவர்தான் பொதுவாகத் தன் படத்தின் முதல் உரிமையாளர்; ஆனால் பிறர் பணம் கொடுத்து வரையச் சொன்ன ஓவியமானால், வேறு ஒப்பந்தம் இல்லாதவரை, வரையச் சொன்னவரே முதல் உரிமையாளர் என்கிறது 17ஆம் பிரிவு. உரிமையை மாற்றித் தருவது எழுத்தில், கையெழுத்தோடு இருக்க வேண்டும். அதில் காலம் குறிப்பிடப்படவில்லை என்றால் ஐந்தாண்டுகள் என்றும், நிலப்பரப்பு குறிப்பிடப்படவில்லை என்றால் இந்தியா மட்டும் என்றும் 19ஆம் பிரிவு எடுத்துக்கொள்கிறது. பதிப்புரிமை ஓவியரின் வாழ்நாளுக்குப் பிறகும் 60 ஆண்டுகள் நீடிக்கிறது. ஆக, காலமும் நிலப்பரப்பும் எழுதாமல் விட்டவருக்குச் சட்டம் துணி விட்டுத் தைத்திருக்கிறது. நான் எழுதியே கொடுத்துவிட்டேன். 57ஆம் பிரிவு மட்டும் கைவிடவில்லை. உரிமையை விற்ற பிறகும் படைப்பு தன்னுடையது என்று கோரும் உரிமை படைத்தவருக்கு உண்டு என்பதைக் காட்டி ஒரு கடிதம் எழுதியதும், அடுத்த அச்சில் என் பெயர் வந்தது. பணம் வரவில்லை.

இப்போது நான் கேட்பவை சிலவே. நூல் வடிவத்துக்கு மட்டும் உரிமை தருகிறேன். பை, நாட்காட்டி, அசைபடம் என்றால் தனியாகப் பேச வேண்டும். மூலப் படங்கள் என்னிடமே இருக்க வேண்டும். மூன்றில் ஒரு பங்குத் தொகை கையெழுத்தின்போதும், ஒரு பங்கு ரஃப் ஒப்புதலின்போதும், மீதி இறுதிப் படங்களை ஒப்படைக்கும்போதும் வர வேண்டும். நூல் வெளியாகும்போது என்று எழுதினால் ஒப்புக்கொள்வதில்லை, ஏனென்றால் வெளியாகும் நாள் என் கையில் இல்லை. ரஃப் நிலையில் இரண்டு சுற்றுத் திருத்தம் இலவசம். வண்ணம் தீட்டிய பிறகு கதை மாறினால் கட்டணம். இவற்றைச் சொல்வதற்கு எனக்குப் பத்தாண்டுகள் கூச்சமாக இருந்தது. ரவிக்கையைக் கையில் கொடுப்பதற்கு முன் கூலியை வாங்கி டப்பாவில் போட்டுவிட்டே புன்னகைக்கும் அம்மாவை நாள்தோறும் பார்த்துக்கொண்டே கூச்சப்பட்டிருக்கிறேன். திறந்த உரிமத்தில் படங்களைத் தருவதும் ஒரு வழிதான். பிரதம் புக்ஸ் 2015இல் தொடங்கிய ஸ்டோரிவீவர் தளத்தின் வழியாகக் கதைகள் யாரும் மொழிபெயர்த்துக்கொள்ளத்தக்கதாக வெளியாகின்றன. அப்படிப்பட்ட உரிமத்தில், யாரும் எங்கும் பயன்படுத்தலாம் என்பதைப் படித்துத் தெரிந்துகொண்டு தருவதும், தெரியாமல் தருவதும் ஒன்றல்ல.

படநூல்களை மட்டும் நம்பி இந்த ஊரில் வாடகை கட்ட முடியாது. ஒரு நூலுக்கு மூன்று நான்கு மாதங்கள் ஆகிவிடுவதால், ஆண்டுக்கு மூன்று நூல் என்பதே எனக்கு மூச்சு வாங்கும் அளவு. பாடநூல் படங்கள், பள்ளிப் பயிலரங்குகள், எப்போதாவது ஒரு திருமண அழைப்பிதழ் என்று மீதி ஓடுகிறது. கட்டணத்தில் 10 சதவீதம் வருமான வரிக்காகப் பிடித்தம் செய்துகொண்டு தருவார்கள். அது போன பணம் என்று நினைத்து மூன்றாண்டுகள் கணக்குத் தாக்கல் செய்யாமல் இருந்துவிட்டேன், வணிகவியல் படித்தவள் இதை வெளியில் சொல்லக்கூடாது. தாக்கல் செய்திருந்தால் பெரும்பகுதி திரும்பி வந்திருக்கும்.

2017இல் வலக்கைப் பெருவிரலின் அடியில் வலி தொடங்கி, பால் பாத்திரத்தைத் தூக்க முடியாத நிலைக்கு வந்தது. மருத்துவர் ஆறு வாரம் எழுதுகோலைத் தொடாதே என்றார். ஒப்புக்கொண்ட நூலின் கெடுவில் ஆறு நாள்கூட உபரி வைத்திருக்கவில்லை. இன்று பன்னிரண்டு வாரம் தேவைப்படும் வேலைக்குப் பதினாறு வாரம் கேட்கிறேன்.

செயற்கை நுண்ணறிவு தயாரித்த படங்களை அனுப்பி, விரல்களை மட்டும் சரிசெய்து தருமாறு கால்பங்குக் கட்டணத்தில் கேட்பவர்களும் வரத் தொடங்கிவிட்டார்கள். ஒருமுறை ஒப்புக்கொண்டு பார்த்தேன். விரல்களைச் சரிசெய்ய முடிந்தது; இருபது பக்கங்களில் இருபது வெவ்வேறு சிறுமிகள் இருந்ததைச் சரிசெய்ய, எல்லாவற்றையும் முதலிலிருந்து வரைய வேண்டியிருந்தது. அடுத்த முறை மறுத்துவிட்டேன்.

பலா மரப் பக்கம் மறுபதிப்பில் திருத்தப்பட்டது. மறுபதிப்புக்கு முன் ஓவியருக்குத் தெரிவித்து, திருத்த வாய்ப்பளிக்க வேண்டும் என்று அந்த நூலின் ஒப்பந்தத்தில் ஒரு வரி சேர்த்திருந்தது உதவியது. இரண்டு நாள் உட்கார்ந்து, கிளை நுனிப் பழங்களை எல்லாம் அழித்து, அடிமரத்தில் கொத்தாக வரைந்து, புதிய பிரதி ஒன்றைப் பள்ளிக்கு எடுத்துப் போனேன். அந்தப் பையன் வேறு பள்ளிக்கு மாறிவிட்டிருந்தான். அவன் தங்கை இரண்டாம் வகுப்பில் இருந்தாள். பக்கத்தை வெகுநேரம் பார்த்துவிட்டு, "பழம் பழுத்திருக்கு, ஒரு எறும்புகூட வரலையே மிஸ்?" என்றாள். மூன்றாம் பதிப்புக்காக மரத்தின் அடியிலிருந்து ஒரு வரிசை எறும்புகளை வரைந்து தனிக்கோப்பில் வைத்திருக்கிறேன்.